கேள்வி - பதில்: வட ஐரோப்பிய ராஜ வம்சங்களும் வேலூர்க் கோட்டையும்

போன இதழில் தரங்கம்பாடியில் இருக்கும் டென்மார்க்காரர் கோட்டையைப் பற்றி இரண்டு பத்திதான் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இத்தனை கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாமே டென்மார்க், ஸ்வீடன், நார்வே ராஜ குடும்பங்களைப் பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அவைதான்.

டென்மார்க் ராஜாக்கள் பட்டியலைப் பார்த்தால் கிறிஸ்டியன், பிரெடரிக், கிறிஸ்டியன், பிரெடரிக் என்றே போகிறதே, வேறு பெயரே கிடைக்கவில்லையா?
*கல்லூரி மாணவர், காட்பாடி*

வேண்டுமென்றே வைத்துக்கொண்ட வழக்கம் அது. 1513-ல் பட்டத்துக்கு வந்தவர் இரண்டாம் கிறிஸ்டியன். அவரைத் துரத்திவிட்டு 1523-ல் வந்தவர் அவருடைய சித்தப்பா முதலாம் பிரெடரிக். அதிலிருந்து 1972 வரைக்கும், கிறிஸ்டியன் போனால் பிரெடரிக், பிரெடரிக் போனால் கிறிஸ்டியன் என்று ஒரு தடவைகூடத் தவறாமல் வந்தார்கள். நம் சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று பட்டப்பெயரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டது ஞாபகம் வருகிறதா, கிட்டத்தட்ட அதே யோசனைதான், பெயரைக் கேட்டதுமே இது அதே வம்சம், அதே வரிசை என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். 1972-ல் இரண்டாம் மார்கரெதே ராணியாக வந்தபோது வரிசை நின்றது. அவர் 2024 ஜனவரி 14-ல் தானாகவே பட்டத்தை விட்டுக்கொடுக்க, மகன் பத்தாம் பிரெடரிக் வந்தார். அவருடைய மூத்த மகன் பெயர் கிறிஸ்டியன். ஆக, வரிசை மறுபடி தொடங்கிவிட்டது.

ஆனால் பெயர் வரிசை இவ்வளவு ஒழுங்காக இருப்பதைப் பார்த்து, அப்பாவுக்குப் பின் பிள்ளை என்று தானாகவே பட்டம் இறங்கி வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1660 வரைக்கும் டென்மார்க்கில் ராஜாவைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரபுக்கள் சபை கூடி, 'நீ இதைச் செய்யலாம், இதைச் செய்யக் கூடாது' என்று ஒரு சாசனம் எழுதி நீட்டும், அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிரீடம். இந்த வம்சம் வந்ததே அப்படித்தான். 1448-ல் ராஜா பிள்ளை இல்லாமல் செத்துப்போக, சபை ஷ்லெஸ்விக் பிரபுவைக் கேட்டது. அவர் 'எனக்கு வேண்டாம், என் மருமகப் பிள்ளை ஒருவன் ஜெர்மனிப் பக்கம் ஓல்டன்பர்க்கில் இருக்கிறான், அவனைக் கேளுங்கள்' என்று கைகாட்டினார். இருபத்திரண்டு வயசுப் பையன் அவர். அவர்தான் முதலாம் கிறிஸ்டியன். அவருடைய வழியில் வந்தவர்கள்தான் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிறது. அதை டென்மார்க் ராஜாதான் கட்டினார் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா ஐயா?
*பழைய மாணவி, திருவண்ணாமலை*

ராஜா கட்டவில்லை அம்மா. அது டேனிஷ் மிஷனரி சங்கத்தின் வேலை. 1821-ல் டென்மார்க்கில் பொதுமக்கள் காசு போட்டு ஆரம்பித்த சங்கம், 1860களில் நம் தென்னாற்காடு, வட ஆற்காடு பக்கம் வந்தது. ராஜா அனுப்பி வந்த பாதிரியார் சீகன்பால்கு. அவர் அதற்கு ரொம்ப முன்னாலேயே, 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். அனுப்பியவர் நான்காம் பிரெடரிக். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது அந்த வழியில்தான். தாத்தா இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். டேனிஷ் என்ற பெயர் பொதுவாக இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு.

ஆனால் உங்கள் கேள்வியை விட்டு நகர மனசு வரவில்லை, ஏனென்றால் டென்மார்க் ராஜாவின் ஆட்கள் தமிழ்நாட்டுக்கு வந்த கதையில் நம் வேலூர்க் கோட்டையும் இருக்கிறது, அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

1614-ல் விஜயநகரப் பேரரசின் கடைசிப் பெரிய ராஜா வேங்கடபதி ராயர் இங்கே வேலூரில் இறந்துபோனார். தனக்குப் பிறகு என்று அவர் கைகாட்டியது அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை. ராணி ஒருத்தியின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஜக்கராயனுக்கு அது பிடிக்கவில்லை, அவன் வேறு ஒரு பையனை நிறுத்தினான். ஸ்ரீரங்கனையும் மனைவி மக்களையும் கோட்டைக்குள்ளேயே அடைத்து வைத்துக் கொன்றுவிட்டார்கள். தப்பியது ஒரே ஒரு பையன், ராமதேவன். யாசம நாயக்கர் என்பவர் சலவைத் தொழிலாளி ஒருவரை வைத்து, அழுக்குத் துணி மூட்டைக்குள் அந்தப் பிள்ளையை வைத்து வெளியே கொண்டுவந்தார் என்று அந்தக் காலத்திலேயே இந்தியாவில் இருந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் பராதாஸ் எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் வந்தது பெரிய உள்நாட்டுச் சண்டை. திருச்சிக்குப் பக்கத்தில் தோப்பூரில் நடந்த போரில் ஜக்கராயன் செத்தான். அந்தப் பையனுக்காக யாசமரோடு சேர்ந்து நின்று ஜெயித்தவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்.

அதே ரகுநாத நாயக்கர்தான் 1620-ல் தரங்கம்பாடியை டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்கு எழுதிக்கொடுத்தவர். ராஜாவுக்குத் தமிழில் தங்க ஓலையில் ஒரு கடிதமும் அனுப்பினார், அது இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கப்பலில் வந்த தளபதி ஓவே யெட்டே ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை, 1618-ல் டென்மார்க்கிலிருந்து கிளம்பும்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. அவர்கள் புறப்பட்டதே தரங்கம்பாடிக்கு இல்லை, கண்டிக்கு. கண்டி ராஜா செனரத் போர்ச்சுகீசியரை விரட்ட உதவி கேட்டிருந்தார். வழியில் பாதிக்கு மேல் ஆட்கள் செத்து, இலங்கையில் பேச்சுவார்த்தையும் கூடி வராமல் போன பிறகுதான் இந்தக் கரை அவர்களுக்கு அமைந்தது. வேலூரில் நடந்த அந்தக் கொலைக்குப் பின் பேரரசு உடைந்து, தஞ்சாவூர் நாயக்கர் தன் இஷ்டப்படி ஒரு வெளிநாட்டு ராஜாவோடு ஒப்பந்தம் போடும் நிலைக்கு வந்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுசாகும் என்பது என் கருத்து. தரங்கம்பாடி 1845 வரைக்கும் அவர்கள் கையில் இருந்தது, அப்புறம் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்.

செல்போனில் இருக்கும் புளூடூத் ஒரு ராஜா பெயராமே?
*பத்தாம் வகுப்பு மாணவன், சத்துவாச்சாரி*

ஆமாம் தம்பி. ஹெரால்ட் புளூடூத், பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா. பிரிந்து கிடந்தவர்களை ஒன்றாக இணைத்தவர் என்பதற்காக அந்தப் பெயரை வைத்தார்கள். அந்தக் குறி இருக்கிறதே, அது அவருடைய பெயரின் இரண்டு முதலெழுத்துகளையும் ரூன் என்ற பழைய எழுத்தில் எழுதி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது. யெல்லிங் என்ற ஊரில் அவர் நட்ட கல் இன்னும் நிற்கிறது. தன் அப்பா கோர்ம், அம்மா தூரா நினைவாக நட்டது, டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் தான் வென்றதாகவும் டேனியர்களைக் கிறிஸ்தவர்கள் ஆக்கியதாகவும் அதில் வெட்டியிருக்கிறது. ஆம்பூர்ப் பக்கத்து நடுகல்லையோ ஒரு சோழர் மெய்க்கீர்த்தியையோ படித்துப் பழகியவர்களுக்கு அந்தக் கல் அந்நியமாகத் தெரியாது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் இங்கே பொன்னை ஆற்றங்கரை மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பும் கோயில், எடுத்தான். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா.

வாரிசு இல்லை என்று சொல்லித்தானே ஆற்காடு நவாப் பட்டத்தை வெள்ளைக்காரன் பிடுங்கினான்? ஐரோப்பாவில் வாரிசு இல்லாமல் போனால் என்ன செய்தார்கள்?
*பட்டு வியாபாரி, ஆரணி*

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை எழுதலாம்.

நம் பக்கக் கதையை முதலில் நேராக வைத்துக்கொள்வோம். 1855-ல் நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளை இல்லாமல் இறந்தார். சித்தப்பா அசீம் ஜா உரிமை கேட்டார், டல்ஹௌசி காலத்து அரசாங்கம் முடியாது என்றது. தஞ்சாவூருக்கும் அதே வருஷம் அதே கதி. பிற்பாடு 1867-ல் அசீம் ஜாவுக்கு ஆற்காடு இளவரசர் என்ற பட்டம் கொடுத்தார்கள், நாடு இல்லாத பட்டம். ஜான்சியில் தத்துப் பிள்ளை செல்லாது என்றார்கள்.

இப்போது அங்கே பாருங்கள். ஆற்காட்டுக்கு நாற்பத்தைந்து வருஷம் முன்னால், 1810. ஸ்வீடன். முந்தின வருஷம்தான் பின்லாந்தை ரஷ்யாவிடம் தோற்று, அந்தக் கோபத்தில் நான்காம் குஸ்தாவ் அடால்ஃபை ராஜாவே வேண்டாம் என்று இறக்கிவிட்டிருந்தார்கள். அடுத்து வந்த பதின்மூன்றாம் கார்ல் வயசாளி, பிள்ளை இல்லை. டென்மார்க் பக்கத்து இளவரசர் ஒருவரைத் தத்தெடுத்தார்கள், அவர் அந்த மே மாதம் ராணுவ அணிவகுப்பில் குதிரையிலிருந்து விழுந்து செத்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று வதந்தி. சவ ஊர்வலம் ஸ்டாக்ஹோமுக்குள் வரும்போது, முன்னால் வண்டியில் போன ஃபெர்சன் பிரபுவைக் கூட்டம் இழுத்துப் போட்டு நடுத்தெருவிலேயே அடித்துக் கொன்றது. அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

இப்படி இருக்கும்போது மோர்னர் என்ற சின்ன அதிகாரி, ஒரு லெப்டினன்ட், பாரிசுக்குப் போய், யாரும் சொல்லாமல், தன் சொந்தப் பொறுப்பில் நெப்போலியனின் தளபதி பெர்னதோத்திடம் 'எங்கள் ராஜாவாக வருகிறீர்களா' என்று கேட்டுவிட்டார். திரும்பி வந்தபோது அவரைக் கைது செய்தார்கள். பெர்னதோத் யார்? தென் பிரான்சில் போ என்ற ஊரில் ஒரு சாதாரண வக்கீல் வீட்டுப் பிள்ளை, சிப்பாயாகச் சேர்ந்து மார்ஷல் ஆனவர். ஒரு சொட்டு ராஜ ரத்தம் கிடையாது. ஆனால் 1806-ல் லூபெக் நகரில் கைதான ஸ்வீடன் சிப்பாய்களை அவர் மரியாதையாக நடத்தியிருந்தார். அந்தப் பேச்சு ஊருக்குள் நின்றது. ஆகஸ்ட் 21-ல் ஓரெப்ரூ நகரில் கூடிய ஸ்வீடன் சபை அவரைத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் மதம் மாறி லூத்தரன் ஆனார், கரை இறங்கினார், கிழ ராஜா அவரைத் தத்தெடுத்து மகன் ஆக்கிக்கொண்டார். அடுத்த மூன்றே வருஷத்தில் ஸ்வீடன் சேனையோடு நெப்போலியனுக்கு எதிராக லைப்சிக் போர்க்களத்தில் நின்றார். 1818-லிருந்து 1844 வரை ஆண்டார், கடைசி வரைக்கும் அவருக்கு ஸ்வீடிஷ் சரியாகப் பேச வரவில்லை. இன்று ஸ்வீடனில் இருப்பது அவருடைய வம்சம்தான், இருநூறு வருஷத்துக்கு மேல்.

அங்கே தத்து செல்லும், இங்கே செல்லாது. இரண்டுக்கும் வித்தியாசம் ரத்தத்தில் இல்லை, யார் தீர்மானித்தார்கள் என்பதில் இருக்கிறது. ஸ்வீடனில் அந்த நாட்டுச் சபை தீர்மானித்தது. இங்கே கல்கத்தாவில் உட்கார்ந்த ஒரு கம்பெனி தீர்மானித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வரும்.

வெளியாள் வந்து ராஜாவாவது நமக்குப் புதுசும் இல்லை. வேலூர்ப் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் இருக்கிறாரே கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அவர் வம்சமே அப்படி வந்ததுதான். 1739-ல் கண்டி ராஜா பிள்ளை இல்லாமல் இறக்க, மதுரையிலிருந்து போன ராணியின் தம்பியைக் கூப்பிட்டுப் பட்டம் கட்டினார்கள். நாயக்கர்கள் புத்த மதத்தைப் போற்றி, தலதா மாளிகையைக் காத்து, எழுபத்தாறு வருஷம் ஆண்டார்கள். கடைசியில் அவருடைய பிரதானிகளே ஆங்கிலேயரோடு சேர்ந்து 1815-ல் அவரை இறக்கினார்கள். அடுத்த வருஷம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள், 1832 ஜனவரி 30-ல் இங்கேயே காலமானார். பெர்னதோத் ஸ்வீடனில் கால் வைத்த அதே காலம்தான். மத விஷயத்தில் இரண்டு பேர் வீட்டுக் கதையும் ஒன்று, நாட்டுக்கு ஏற்ற மதத்தை ஏற்றுக்கொண்டார்கள். முடிவு மட்டும் வேறாகிவிட்டது.

பெண்கள் ஆண்டிருக்கிறார்களா? மகள் இருந்தும் தம்பிக்குப் பட்டம் கொடுக்கும் பழக்கம் அங்கேயும் உண்டா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, குடியாத்தம்*

உண்டு டீச்சர், நேற்று வரைக்கும் இருந்தது. 1979-ல் ஸ்வீடன் ராஜாவுக்கு மகன் பிறந்தபோது அவர்தான் பட்டத்து இளவரசர். மூத்தவள் விக்டோரியாவுக்கு அப்போது இரண்டு வயசுகூட ஆகவில்லை, இரண்டாமிடம். 1980 ஜனவரி முதல் தேதி சட்டம் மாறியது, ஆணோ பெண்ணோ மூத்தது எதுவோ அதற்கே பட்டம் என்று, அந்தக் குழந்தையிடமிருந்து பட்டம் அக்காவிடம் வந்தது. நார்வே 1990-ல் மாற்றியது, டென்மார்க் 2009-ல் ஓட்டெடுப்பு வைத்து மாற்றியது. டென்மார்க்கில் அதற்கு முன்பே 1953-ல் ஒரு படி தாண்டியிருந்தார்கள். ஒன்பதாம் பிரெடரிக்குக்கு மூன்றும் பெண்கள், பட்டம் தம்பி க்நூட்டுக்குப் போக இருந்தது, ஜனங்கள் ஓட்டுப்போட்டு மூத்த மகளுக்கு மாற்றினார்கள். முதல் பதிலில் சொன்ன மார்கரெதே ராணி அவர்தான்.

ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் அதற்கு அறுநூறு வருஷம் முந்தின மார்கரெதே. டென்மார்க் ராஜா வால்டெமாரின் மகள், 1353-ல் பிறந்தவர், பத்து வயசிலேயே நார்வே ராஜா ஆறாம் ஹாகோனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஒரே மகன் ஓலாவ். அப்பா இறந்ததும் மகனுக்கு டென்மார்க்கை வாங்கிக்கொடுத்தார், 1380-ல் கணவர் இறந்ததும் நார்வேயும் வந்தது. 1387-ல் அந்த மகன் பதினாறு பதினேழு வயசில் செத்துப்போனான். அப்பா இல்லை, கணவர் இல்லை, பிள்ளை இல்லை, ஆளும் ராணி என்று சட்டத்தில் ஒரு இடமே கிடையாது. அந்த நிலைமையில் இருந்த பெண்ணை டென்மார்க் சபை சில நாட்களிலேயே கூடி ஆட்சிக்குத் தேர்ந்தெடுத்தது, நார்வே அடுத்த வருஷம் ஒத்துக்கொண்டது, ஸ்வீடன் பிரபுக்கள் தங்கள் ராஜாவைப் பிடிக்காமல் இவரிடம் வந்தார்கள். அக்கா பேரனைத் தத்தெடுத்து 1397-ல் கால்மார் நகரில் மூன்று நாட்டுக்கும் அவனுக்கே முடிசூட்டினார். பெயர் அவனுடையது, ஆட்சி 1412-ல் தான் இறக்கும் வரை இவருடையது. ரோஸ்கில்டே தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது, டென்மார்க் ராஜாக்கள் வரிசையாக அடக்கமாகி இருக்கும் இடம் அது. நம் பாடப்புத்தகத்தில் ராணி மங்கம்மாள் பக்கத்தில் இவரையும் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஆலங்காயம் தாண்டி காவலூர் வானாய்வு மையம் எங்களுக்குப் பக்கம். டைக்கோ பிராஹே என்ற வானியலாளர் ஒரு ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை என்கிறார்களே?
*அறிவியல் ஆசிரியர், வாணியம்பாடி*

சாதாரண ஜமீன் இல்லை, டென்மார்க்கின் முதல் வரிசைப் பிரபு குடும்பம். 1546-ல் பிறந்தவர். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை, அதனால் டைக்கோவுக்கு இரண்டு வயசு ஆகும்போதே பெற்றவர்களைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்த் தன் பிள்ளையாக வளர்த்தார். அந்தப் பெரியப்பா, தண்ணீரில் விழுந்த ராஜா இரண்டாம் பிரெடரிக்கைக் காப்பாற்றக் குதித்து, அதில் வந்த காய்ச்சலில் இறந்துபோனார். ராஜா பின்னாளில் 1576-ல் டைக்கோவுக்கு வேன் என்ற தீவையே கொடுத்து ஆய்வகம் கட்டப் பணமும் கொடுத்தார் என்றால், 1572-ல் புது நட்சத்திரம் ஒன்றைக் கண்டு அவர் எழுதியது ஒரு காரணம், குடும்பத்தின் மேல் இருந்த நன்றியும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். தொலைநோக்கி வருவதற்கு முந்தின காலம் அது, வெறும் கண்ணாலும் பெரிய பெரிய அளவுக் கருவிகளாலும் பார்த்த கணக்கு.

அவர் வாழ்க்கையில் என்னை உறுத்தும் விஷயம் வேறு. கிர்ஸ்டன் என்ற சாதாரண வீட்டுப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். டென்மார்க்கின் பழைய யூட்லாந்துச் சட்டப்படி, ஒரு பெண் ஒருவனோடு மூன்று குளிர்காலம் வெளிப்படையாக வாழ்ந்து, அவனோடு உண்டு, உறங்கி, வீட்டுச் சாவியை வைத்திருந்தால் அவள் மனைவிதான். அதாவது கல்யாணம் செல்லும். ஆனால் பிள்ளைகள் பிரபு ஆக முடியாது, அப்பாவின் சொத்தும் குலச் சின்னமும் அவர்களுக்கு வராது. எட்டுப் பிள்ளைகள். தான் கட்டிய ஆய்வகம் தன் பிள்ளைக்குப் போகாது என்று தெரிந்தே அவர் வேலை செய்தார். 1588-ல் ராஜா இறந்தார், புது ராஜா நம் தரங்கம்பாடி நான்காம் கிறிஸ்டியன். அவர் மானியத்தை வெட்டினார். 1597-ல் டைக்கோ குடும்பத்தோடு நாட்டை விட்டே கிளம்பி, பிராகா நகரில் பேரரசர் ருடால்ஃபிடம் போய்ச் சேர்ந்தார். வானியல் கணித அறிஞர் கெப்ளர் அவரோடு வந்து சேர்ந்ததும், அவர் அளந்து வைத்த கணக்கை வைத்து கோள்கள் போகும் பாதையைக் கண்டுபிடித்ததும் அதன் பிறகுதான். காவலூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள் சார்.

நம் பக்கம் ஜாகிர், ஜமீன் எல்லாம் போய்விட்டது. அங்கே பிரபுக்கள் இன்னும் இருக்கிறார்களா?
*வாசகர், ராணிப்பேட்டை*

நாட்டுக்கு நாடு வேறு. நார்வே 1821-லேயே பிரபுப் பட்டங்களைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. டென்மார்க் 1849 அரசியல் சாசனத்தில் சலுகைகளை எடுத்தது, பெரிய பண்ணைகள் 1919 சட்டத்தில் போயின. ஸ்வீடனில் குடும்பங்கள் இருக்கின்றன, அதிகாரம் இல்லை. ஸ்டாக்ஹோமில் பிரபுக்கள் மாளிகை என்று ஒன்று உண்டு, சுவர் முழுக்கச் சுமார் 2,300 குலச் சின்னங்கள் செம்புத் தகட்டில் மாட்டியிருக்கும். கடைசியாக அந்தப் பட்டம் கிடைத்தது 1902-ல், திபெத் வரை போய் வந்த பயணி ஸ்வென் ஹெடினுக்கு.

ஆரம்பம் நம் ஜாகிர் மாதிரியேதான். 1280-ல் ஸ்வீடன் ராஜா, யார் குதிரையும் ஆயுதமும் வைத்துக்கொண்டு எனக்குச் சேவை செய்கிறாரோ அவருக்கு வரி இல்லை என்றார். ஆரணி ஜாகிரும் படைச் சேவைக்குக் கிடைத்ததுதானே. பெரிய வித்தியாசம் என்னவென்றால், ஸ்வீடன் சபையில் பிரபு, பாதிரி, வணிகர் என்ற மூன்று பிரிவுக்குப் பக்கத்தில் நான்காவதாகக் குடியானவர்களும் தனிப் பிரிவாக உட்கார்ந்தார்கள். பிரபுக்கள் கையில் ராஜாங்க நிலம் ரொம்பப் போய்விட்டது என்று 1680-ல் பதினொன்றாம் கார்ல் பெரும்பகுதியைத் திரும்பப் பிடுங்கியபோது அந்தக் குடியானவர்கள் ராஜா பக்கம் நின்றார்கள். நமக்கு அந்தச் சட்டம் 1948-ல்தான் வந்தது.

ஐரோப்பிய ராஜாக்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தமாமே?
*வாசகி, வாலாஜாபேட்டை*

பெரும்பாலும் ஆமாம், அதில் ஒரே வீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. டென்மார்க் ஒன்பதாம் கிறிஸ்டியன். பட்டத்துக்கு வருவதற்கு முன் கோபன்ஹேகனில் மஞ்சள் மாளிகை என்ற ஒரு சாதாரண வீட்டில் குடியிருந்தார், கைச் செலவுக்கே இழுபறி, பெண்கள் தங்கள் துணியைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். 1863-ல் ஒரே வருஷத்தில் மகள் அலெக்சாண்ட்ரா இங்கிலாந்து இளவரசரைக் கட்டினார், பதினேழு வயசு மகன் ஜார்ஜை கிரீஸ் நாட்டார் ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள், நவம்பரில் அப்பா டென்மார்க் ராஜா ஆனார். மூன்றே வருஷத்தில் அடுத்த மகள் டாக்மார் ரஷ்யப் பட்டத்து இளவரசரின் மனைவி. கோடையில் எல்லோரும் பிள்ளை குட்டிகளோடு தாத்தா வீட்டுக்கு, ஃப்ரெடன்ஸ்போர்க் அரண்மனைக்கு வந்துவிடுவார்கள், ஜன்னல் கண்ணாடியில் வைரத்தால் கீறிய விருந்தாளிகள் கையெழுத்து இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் இத்தனை சம்பந்தமும் 1864-ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் படையெடுத்தபோது உதவவில்லை, ஷ்லெஸ்விக்கும் ஹோல்ஸ்டைனும் போயின. யாரும் வரவில்லை.

இவர்களில் நீங்கள் மதிக்கும் ஒரு ராஜா யார் என்று சொல்லுங்கள்.
*வாசகர், ஆற்காடு*

நார்வேயின் ஏழாம் ஹாகோன், யோசிக்கவே வேண்டியதில்லை. மேலே சொன்ன ஒன்பதாம் கிறிஸ்டியனின் பேரன், பிறந்த பெயர் கார்ல், கடற்படை அதிகாரி. 1905-ல் நார்வே ஸ்வீடனிடமிருந்து பிரிந்தபோது அவரை ராஜாவாகக் கூப்பிட்டார்கள். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஜனங்களுக்கு ராஜா வேண்டுமா வேண்டாமா என்று முதலில் அவர்களைக் கேளுங்கள் என்றார். நவம்பர் 12, 13 தேதிகளில் ஓட்டெடுப்பு நடந்தது, வேண்டும் என்று சொன்னவர்கள் 2,59,563 பேர், வேண்டாம் என்றவர்கள் 69,264 பேர். அதற்கப்புறம்தான் வந்தார். வந்ததும் ஹாகோன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, இரண்டு வயசு மகன் அலெக்சாண்டருக்கு ஓலாவ் என்று வைத்தார். டீச்சருக்குச் சொன்ன பதிலில் வந்த மார்கரெதேயின் கணவரும் மகனும் இருந்தார்களே, ஆறாம் ஹாகோனும் செத்துப்போன ஓலாவும், நார்வேக்குத் தனி ராஜா என்று இருந்த காலத்தின் கடைசிப் பெயர்கள் அவை. ஐந்நூறு வருஷம் கழித்து அந்த இடத்திலிருந்தே எண்ணிக்கையைத் தொடர்ந்தார்கள்.

1940 ஏப்ரல் 9-ல் ஜெர்மன் படை இறங்கியது. மறுநாள் ஜெர்மன் தூதர் வந்து, நாஜிகளுக்கு ஆதரவான நார்வே அரசியல்வாதி குவிஸ்லிங்கைப் பிரதமர் ஆக்க வேண்டும் என்றார். ராஜா தன் மந்திரிகளைக் கூட்டி, நீங்கள் என்ன முடிவு வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஜனங்களுக்கும் சபைக்கும் நம்பிக்கை இல்லாத ஒருவரை என்னால் நியமிக்க முடியாது, அதுதான் உங்கள் முடிவு என்றால் நான் பட்டத்தை விட்டு இறங்குகிறேன் என்றார். மந்திரிகள் அவரோடு நின்றார்கள். அடுத்த நாள் அவர்கள் தங்கியிருந்த நீபெர்க்சுண்ட் கிராமத்தின் மேல் குண்டு போட்டார்கள், ராஜாவும் மகனும் பனிக்காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். இரண்டு மாசம் வடக்கே நகர்ந்துகொண்டே இருந்து, ஜூன் 7-ல் துரும்சோவிலிருந்து கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். ஊரில் இருந்தவர்கள் அவருடைய பெயர் முதலெழுத்தையும் ஏழையும் சேர்த்துச் சுவரிலும் பனியிலும் எழுதினார்கள், அதற்காகவே கைதானார்கள். 1945-ல், அதே ஜூன் 7-ஆம் தேதி, ஆஸ்லோ துறைமுகத்தில் வந்து இறங்கினார். 1957-ல் இறக்கும் வரை அவர்தான் ராஜா, அவருக்கு அடுத்து ஓலாவ்.